எடுத்து வைத்த தாய்ப்பாலின் குணம்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் தடாவை அடைந்து, அங்கிருந்து மேற்கே பிரியும் சாலையில் சென்றால் வருகின்ற வரதய்யபாளையம், சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உதயமானபோது அதனுள் வந்த ஒரு மண்டலத்தின் தலைமை ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் கலந்து பேசப்படும் இப்பிரதேசத்தின் வாழ்க்கை முறையை, சத்தியவேடு, வரதய்யபாளையம் ஆகிய இரு மண்டலங்களின் நிலங்களில் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் அடியோடு மாற்றிவிட்டது. முன்பெல்லாம் நாற்று நடவும் களை பறிக்கவும் சென்ற பெண், கைக்குழந்தையை வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, அது சிணுங்கும் சத்தம் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு கரையேறி வந்து பாலூட்டினாள். அவளுடைய மகளோ இன்று விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, ஷிப்ட் முடியும்வரை குழந்தையின் குரல் எட்டாத இடத்தில் நின்று வேலை செய்துவிட்டு, மார்பில் பால் கட்டிக்கொண்ட வேதனையோடு வீடு திரும்புகிறாள். இவ்விடைப்பட்ட பத்து மணி நேரத்தில் அந்தச் சிசு எதைக் குடிக்கும் என்ற கேள்விக்கு, தாய் தன் பாலைப் பீய்ச்சி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுச் செல்லலாம் என்று வைத்தியர்கள் விடை சொல்கிறார்கள். அப்படி வைத்த பாலின் குணம் கெடாமல் இருக்குமா, கெடுமாயின் எது கெடும், எவ்வளவு கெடும், எத்தனை நேரத்தில் கெடும் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இவ்விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. எடுத்து வைத்த பால் "பழைய பால்", அதைக் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், வயிறு கெடும் என்பது பெரியவர்களின் பயம். குளிர்ப்பெட்டிக்குள் போய்விட்ட எதுவும் வைத்தபடியே இருக்கும், நாலு நாளானாலும் பத்து நாளானாலும் எடுத்துக் கொடுக்கலாம் என்பது இளையவர்களின் நம்பிக்கை. பயமும் நம்பிக்கையும் இரண்டுமே அனுபவத்தில் வேர்கொண்டவை. மின்சாரம் நிலையில்லாத காலத்தில் கெட்டுப்போன பாலைக் கண்டவர்கள் முன்னவர்கள், பொங்கிய பசும்பாலை இரண்டு நாள் கழித்தும் காய்ச்சிக் குடித்தவர்கள் பின்னவர்கள். ஆனால் தாய்ப்பால் பசும்பாலைப் போன்ற ஒரு பதார்த்தமன்று என்பதை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் பால் சர்க்கரையும், மூன்றரை முதல் நான்கு பங்கு வரை கொழுப்பும், ஒரு பங்கை ஒட்டிப் புரதமும் உள்ளன என்று பாடநூல்கள் சொல்லும் கணக்கு உண்மையே எனினும், அந்தக் கணக்கு அதன் உடலைச் சொல்கிறதே தவிர உயிரைச் சொல்வதில்லை. அதில் உயிருள்ள வெள்ளணுக்கள் நீந்துகின்றன. நோய்க்கிருமிகளைப் பற்றிக்கொண்டு குடற்சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் காப்புப் புரதம் உள்ளது. கிருமிகள் வளர இன்றியமையாத இரும்புச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின் உள்ளது. கிருமியின் மேலோட்டை அரிக்கும் லைசோசைம் உள்ளது. கொழுப்பைச் சிசுவின் குடலில் செரிக்கச் செய்வதற்கென்றே தாயின் மார்பு அனுப்பிவைக்கும் லைபேஸ் என்ற நொதியும் உள்ளது. இவை யாவும் பால் மார்பைவிட்டு வெளியேறிய பின்னரும் சிறிது காலம் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. ஆகவே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்த தாய்ப்பால் அசைவற்றுக் கிடக்கவில்லை. ஒருபுறம் தோலிலிருந்தும் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் அதில் விழுந்த கிருமிகளும், மறுபுறம் அக்கிருமிகளை எதிர்க்கும் பாலின் சொந்தச் சக்திகளும் அதனுள் போராடிக்கொண்டிருக்கின்றன. குளிர் அந்தப் போரின் வேகத்தைக் குறைக்கிறது, நிறுத்திவிடுவதில்லை. எடுத்து வைத்த பாலைப் பற்றிய சகல பரிசோதனைகளையும் இந்த ஓர் உண்மையின் வெளிச்சத்தில் படித்தால்தான் அவை ஒன்றோடொன்று பொருந்தும்.

வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கிட் ஹமோஷும் அவருடன் உழைத்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வேலைக்குச் செல்லும் தாயை மனத்திற்கொண்டே செய்யப்பட்டது என்பதால் நமக்கு மிகவும் நெருங்கியது. அவர்கள் தாய்ப்பாலை 15 டிகிரி, 25 டிகிரி, 38 டிகிரி என்னும் மூன்று உஷ்ண நிலைகளில் வைத்து, கிருமிகள் பெருகுவதையும் புரதமும் கொழுப்பும் சிதைவதையும் நேரத்துக்கு நேரம் அளந்தார்கள். 15 டிகிரியில் ஒரு முழு நாளும், 25 டிகிரியில் நான்கு மணி நேரமும் பால் பத்திரமாக இருக்கும் என்றும், 38 டிகிரியில் அதை வைத்திருக்கவே கூடாது என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்க வாசகனுக்கு அந்த 38 டிகிரி என்பது காய்ச்சலுற்ற உடம்பின் உஷ்ணம். வரதய்யபாளையத்து வாசகனுக்கோ அது சித்திரை, வைகாசி மாதங்களின் சாதாரணப் பிற்பகல். "அறையின் சாதாரண உஷ்ணத்தில் நான்கு மணி நேரம்" என்று ஆங்கிலக் கையேடுகளில் காணும் விதியை நம் தாய்மார்களிடம் அப்படியே ஒப்பிப்பது எவ்வளவு பிழையானது என்பது இதனால் விளங்கும். அந்த விதியில் சொல்லும் அறை நம்முடைய ஓட்டுவீடும் அன்று, தகரக் கூரையும் அன்று. மண்பானைக்குள் வைத்துக் குளிர்விப்பது உலர்ந்த உள்நாடுகளில் ஓரளவு பயன்படும். ஆனால் தடாவை ஒட்டிப் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் ஈரக்காற்று வீசும் இப்பகுதியில், பானையின் ஈரம் காற்றில் எளிதில் ஆவியாகாததால், அது தரும் குளிர்ச்சியும் சொற்பமே. அதை நம்பிப் பாலைப் பகல் முழுதும் வைப்பது தகாது.

குளிர்சாதனப் பெட்டிக்குள் நிகழ்வதென்ன என்பதைக் கூர்ந்து நோக்கிய ஆராய்ச்சிகளுள் நான் தலையாயதாகக் கருதுவது, நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷான்லரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்டது. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளின் தாய்மார் 36 பேரிடமிருந்து பெற்ற பாலை 4 டிகிரியில் வைத்து, முதல் நாளிலிருந்து நான்காம் நாள்வரை, அதாவது 96 மணி நேரம்வரை, ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்தார்கள். காப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏயும், லாக்டோஃபெரினும், மொத்தக் கொழுப்பும் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. கிருமிகளோ, பெரியவர்கள் பயந்ததற்கு நேர்மாறாக, பெருகவில்லை. அவற்றுள் ஒரு வகுப்பு குறையவே செய்தது. புரதம் லிட்டருக்கு 17.5 கிராமிலிருந்து 16.7 கிராமுக்குச் சற்றே இறங்கிற்று. வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் தாழ்ந்தது. பெரிதும் மாறியவை இரண்டு. பாலின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.21இலிருந்து 6.68க்கு இறங்கிப் பால் சிறிது அமிலமாயிற்று. கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் கொழுப்பமிலங்கள் லிட்டருக்கு 0.35 கிராமிலிருந்து 1.28 கிராமாக, ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்தன.

பால் அமிலமாயிற்று என்றதும் நம் மனத்தில் தோன்றுவது புளித்துப்போன பசும்பால். ஆனால் இங்கே நடந்திருப்பது வேறு. பசும்பால் புளிப்பது கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குவதால். தாய்ப்பால் குளிரில் அமிலமாவதோ அதன் சொந்த லைபேஸ் நொதி, சிசுவின் வயிற்றில் செய்ய வேண்டிய வேலையைக் கிண்ணத்திலேயே முன்கூட்டித் தொடங்கிக் கொழுப்பைப் பிரிப்பதால். அவ்வாறு பிரிந்த கொழுப்பமிலங்களுக்கே கிருமிகளைக் கொல்லும் தன்மை உண்டென்பதால், இந்த மாறுதல் கெடுதி என்று தோன்றினாலும் ஒரு விதத்தில் பாலுக்குக் காவலாகவே நிற்கிறது. ஒருநாள் இரண்டு நாள் வைத்த பாலில் சில தாய்மாருக்குச் சோப்பு வாசனையைப் போன்ற ஒரு மணம் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அந்த மணத்தை முகர்ந்து, பால் கெட்டுவிட்டதென்று தீர்மானித்து, அரும்பாடுபட்டு எடுத்ததை அப்படியே சாக்கடையில் கொட்டிவிடும் வீடுகள் எத்தனையோ. உண்மையாகவே கெட்ட பாலின் வாடை வேறு. அது புளித்து, முகத்தைச் சுளிக்க வைப்பது. சோப்பு மணம் கொண்ட பாலைப் பெரும்பான்மையான குழந்தைகள் தயக்கமின்றிக் குடித்துவிடுகின்றன. குடிக்க மறுக்கும் குழந்தைக்கு அன்றன்று எடுத்த பாலை அன்றன்றே கொடுத்துவிடுவதே நல்ல பரிகாரம். இதைப் போலவே இன்னொரு வீண் பயமும் உண்டு. சில மணி நேரம் அசையாது வைத்த தாய்ப்பாலில் கொழுப்பு மேலே மிதந்து, கீழே நீலம்பாய்ந்த நீர்போல் தெளிந்து நிற்கும். அது திரிந்துபோனதன் அடையாளமன்று, கிண்ணத்தை மெல்லச் சுழற்றினால் மறுபடி ஒன்றாகிவிடும்.

எனினும் குளிரில் இழப்பே இல்லையென்று சொல்வது உண்மைக்கு மாறாகும். இழப்புகளுள் முதன்மையானது உயிர்ச்சத்து சி. நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2001இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குளிர்ப்பெட்டியில் ஒரே நாள் வைத்த தாய்ப்பாலில் இச்சத்து சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதுவும் ஒரு தாயின் பாலுக்கும் மற்றொரு தாயின் பாலுக்கும் இடையே பெரும் வேறுபாட்டுடன் குறைந்தது. பிராணவாயுவின் தாக்குதலிலிருந்து பாலைக் காக்கும் சக்தியும் நாளாக ஆகத் தளர்கிறது. ஸ்பெயின் நாட்டில் வலென்சியா நகரத்து வைத்தியர்கள் 2007இல் செய்த பரிசோதனை, கிருமியைக் கொல்லும் பாலின் திறன் 48 மணி நேரம்வரை பெரிதும் நிலைத்திருந்து, 72 மணி நேரத்தில் தெளிவாகக் குன்றியதைக் காட்டிற்று. வெளிச்சத்தில் வைத்த பாலில் ரிபோஃப்ளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்தும் சிதைகிறது. கண்ணாடிப் பாத்திரத்தை ஒரு துணியால் சுற்றிவைப்பது இதற்குப் போதிய தற்காப்பு. சிசுவின் குடலில் நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கும் தாய்ப்பாலுக்கே உரிய சிக்கலான சர்க்கரைகள் மட்டும் குளிரையும் சட்டை செய்வதில்லை, சூட்டையும் சட்டை செய்வதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கியே, தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச வைத்தியர் சங்கம் 2017இல் திருத்திய தன் நெறிமுறையில், 4 டிகிரிக் குளிரில் நான்கு நாள் என்பதை உத்தமமான அளவாகவும், மிகமிகச் சுத்தமாக எடுத்த பாலுக்கு ஐந்து முதல் எட்டு நாள்வரை ஏற்கத்தக்க எல்லையாகவும் வகுத்தது. நெறிமுறை சரியானதே, ஆனால் அது 4 டிகிரி என்பதைச் சொல்லிவிட்டுத்தான் நான்கு நாளைச் சொல்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் ஒற்றைக் கதவுக் குளிர்ப்பெட்டியில், மோருக்கும் மாவுக்கும் பூவுக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்குமாக நாள்முழுதும் கதவு திறந்து மூடப்படுகிறது. கதவிலுள்ள தட்டுகளோ உள்ளிருக்கும் தட்டுகளைவிட எப்போதும் வெதுவெதுப்பானவை. கோடையில் மின்சாரம் நின்றால், கதவைத் திறக்காமலே வைத்திருந்தாலும் சுமார் நான்கு மணி நேரத்துக்குமேல் அந்தக் குளிரை நம்ப முடியாது. இந்தச் சூழ்நிலையில் பாலைப் பின்புறத்துச் சுவரையொட்டி வைத்து, ஒரு நாளைக்குள், மிஞ்சினால் இரண்டு நாளைக்குள் கொடுத்துத் தீர்த்துவிடுவதே விவேகம் என்பது என் துணிபு. இன்றைய ஷிப்டில் எடுத்தது நாளைய ஷிப்டில் பிள்ளைக்கு ஆகட்டும். அதற்குமேல் சேமித்து அடுக்க வேண்டிய தேவை வேலைக்குச் செல்லும் தாய்க்கு உண்மையில் இல்லை. நான்கைந்து மாதக் குழந்தை நாளொன்றுக்குக் குடிப்பது சற்றேறக்குறைய 750 மில்லிலிட்டர் என்றால், பத்து மணி நேரப் பிரிவுக்கு வேண்டுவது 300 மில்லிலிட்டரைச் சிறிது தாண்டும்; இரண்டு மூன்று முறை எடுத்தால் அது கிடைத்துவிடும்.

உறையவைத்த பாலின் சரித்திரம் இன்னும் சிக்கலானது. பனிக்கட்டியாய் உறையும்போது கொழுப்புத் துளிகளின் மெல்லிய உறை கிழிந்துபோக, லைபேஸ் அவற்றை மேலும் எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. உயிருள்ள அணுக்கள் உடைந்து மடிகின்றன. ஷான்லரின் குழுவினரே 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, கழித்தல் 20 டிகிரியில் ஒன்பது மாதம் உறைந்திருந்த பாலிலும் காப்புப் புரதங்களும் கொழுப்பும் மொத்தப் புரதமும் பெரும்பாலும் நிலைத்திருந்தன, கொழுப்பமிலங்களும் அமிலத்தன்மையும் ஏறியிருந்தன என்று தெரிவித்தது. ஆனால் ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேற்பகுதியில் உள்ள பனிக்கட்டி அறை அத்தகைய கடுங்குளிரை எட்டுவதில்லை. பனி படர்ந்து, அதை உருக்குவதற்கென்று பொத்தானை அழுத்தும்போதெல்லாம் உள்ளே இருப்பதும் இளகிவிடுகிறது. தனிக் கதவுகொண்ட உறைபெட்டிக்கு ஆறு மாதம் என்றும், இப்படிப்பட்ட உள்ளறைக்கு இரண்டு வாரம் என்றும் பழைய வழிகாட்டிகள் பிரித்துச் சொன்னது இதனாலேயே. புதிய சுருக்கக் குறிப்புகளில் இந்தப் பிரிவினை மறைந்துவிட்டதை நான் ஒரு குறையாகவே எண்ணுகிறேன்.

பாத்திரத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் அவசியம். பாலிஎதிலீன் பைகளில் வைத்த பாலில் காப்புப் புரதம் வெகுவாகக் குறைந்ததை 1981லேயே ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். மெல்லிய பைகளின் சுவரில் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிப் பாத்திரமும், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவும் நம் வீட்டுக்குப் பொருத்தமானவை. எடுப்பவளின் கை சோப்பிட்டுக் கழுவப்பட்டிருப்பதே எந்தக் கருவியையும்விட முக்கியம். விலையுயர்ந்த இயந்திரத்தின் குழாய்களைச் சரியாகக் கழுவாமல் எடுத்த பாலைவிட, சுத்தமான கையால் பீய்ச்சி எடுத்தது மேலானது. புதிதாக எடுத்த வெதுவெதுப்பான பாலை முன்பே குளிர்ந்திருக்கும் பாலோடு சேர்க்காமல், தனியே குளிரவைத்துப் பின்னர் சேர்க்க வேண்டும். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் இதுவரை குளிரில் வைத்துக் காப்பாற்றியவற்றையெல்லாம் நாமே அழித்தவர்களாவோம். வெந்நீர் நிரம்பிய பாத்திரத்தில் டப்பாவைச் சிறிது நேரம் வைத்துச் சில்லிப்பை நீக்கினாலே போதும். ஊட்டுவதற்கு ரப்பர் காம்பு வைத்த புட்டி வேண்டாம். நம் பாட்டிமார் கையாண்ட சங்கும் பாலாடையும், இன்று குறைமாதக் குழந்தைகளுக்கென்று மருத்துவமனைகளிலேயே விரும்பிக் கைக்கொள்ளப்படுவன, தாய்மார்பை மறக்கச் செய்யாதவை, கழுவுவதற்கும் சுலபமானவை. குழந்தை குடித்து மிஞ்சிய பாலை அதிக நேரம் வைத்து மறுபடி கொடுக்கலாகாது.

பழைய பால் என்று சொல்லித் தாய்ப்பாலைத் தள்ளிவிடும் வீட்டில் அந்த இடத்தில் என்ன வருகிறது என்று பார்த்தால்தான், குளிரில் நேரும் இழப்புகளின் உண்மையான மதிப்பு தெரியும். வருவது டப்பாப் பால்பவுடர். அது கிருமிகளே இல்லாத பொருளன்று. அதில் இருக்கக்கூடிய கிருமிகளை அஞ்சியே உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலுள்ள நீரில்தான் அதைக் கலக்க வேண்டுமென்று விதித்தது. கொதித்த நீர், சரியான அளவு, கழுவிய புட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொரு வேளையும் தவறாமல் அமைந்தால்கூட, அதில் இம்யூனோகுளோபுலின் ஏயும் இல்லை, உயிரணுவும் இல்லை. இரண்டு நாள் குளிரில் இருந்த தாய்ப்பால் தன் உயிர்ச்சத்து சியில் ஒரு பங்கை இழந்திருக்கலாம். அப்பொழுதும் அது டப்பாவில் அடைத்து விற்கும் எதனாலும் நெருங்க முடியாத உயரத்திலேயே நிற்கிறது. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் "கெட்டுவிடும்" என்ற ஒரு சொல்லை மட்டும் தாயின் காதில் போடுகிறவர்கள், தாங்கள் அறியாமலே பால்பவுடர் வியாபாரத்துக்கு உதவி செய்கிறார்கள். புட்டிகளையும் மாற்றுப்பாலையும் விளம்பரம் செய்வதைத் தடுக்க 1992இலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், இதன் முக்கியத்துவம் விளங்கும்.

குளிரையும் சூட்டையும் ஒருசேரப் பயன்படுத்திப் பிறர் குழந்தைக்கும் பாலளிக்கும் ஏற்பாடே தாய்ப்பால் வங்கி. 1909இல் வியன்னாவில் முதன்முதல் தோன்றிய இந்த ஏற்பாட்டை, 1989இல் பம்பாயின் சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவிலேயே முதலாவதாக நிறுவினார். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 2014இலும், புதுச்சேரி ஜிப்மரில் "அமுதம்" என்ற பெயரோடு 2016இலும் இவ்வங்கிகள் வந்தன. அங்கே தானமாகப் பெற்ற பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பின் உறையவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளோடு லைபேஸும் வெள்ளணுக்களும் அழிகின்றன, காப்புப் புரதங்களும் ஓரளவு குறைகின்றன. அந்நியர் பாலுக்கு அந்த விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். தன் தாயின் பாலைத் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலிருந்து குடிக்கும் குழந்தைக்கு அந்த விலை தேவையில்லை என்பதால், வங்கிப் பாலைவிடவும் அது சிறந்தது. தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்கு அனுமதியில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில் அறிவித்தது மிகப் பொருத்தமான காரியம். ஏழைத் தாயின் பால் வாங்கப்படும் சரக்காகிவிட்டால், முதலில் பட்டினி கிடக்கப் போவது அவளுடைய குழந்தையே.

இத்தனையும் அறிந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வரதய்யபாளையத்திலிருந்து பஸ் ஏறும் பெண், வேலையிடத்தில் பாலை எப்பொழுது, எங்கே எடுப்பாள்? நிரம்பிய மார்பைக் காலி செய்யாமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு வேதனை தருவதோடு, சுரப்பே படிப்படியாகக் குன்றிவிடும். பால் தேங்கி நிற்பதே "இனிச் சுரக்க வேண்டா" என்று மார்புக்குச் சொல்லும் கட்டளையாக வேலை செய்கிறது. அப்படிச் சுரப்பு வற்றிய பெண்ணைப் பார்த்து, அவளுக்குப் பாலே இல்லை என்று ஊர் சொல்வது பெரிய அநியாயம். பால் இருந்தது, எடுக்க இடமும் நேரமும் இருக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் பிரசவகாலச் சலுகைச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிரம்பும்வரை தாய்க்கு வழக்கமான ஓய்வுக்கு மேல் தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017இல் செய்த திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்கவும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்கவும் கட்டளையிட்டது. இவ்விதிகள் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றன.

26 வாரம் என்பது கேட்க நிறைவாக இருக்கிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்ற வைத்திய விதிக்கு அது சரியாகப் பொருந்துவதுபோலவும் தோன்றுகிறது. ஆனால் அந்த 26 வாரத்தில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடலாம். வயிறு கனத்த பிறகு நின்றபடியே வேலை செய்ய முடியாத பெண் அப்படித்தான் எடுத்துக்கொள்ள நேரும். அவள் திரும்பி வரும்போது குழந்தைக்குப் பதினெட்டு வாரமே ஆகியிருக்கும்; ஆறு மாதம் நிரம்ப இன்னும் எட்டு வாரம் மீதியிருக்கும். ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் உள்ளவளுக்கோ மொத்த விடுமுறையே பன்னிரண்டு வாரம்தான். எடுத்து வைத்த பாலின் குணத்தைப் பற்றிய விஞ்ஞானம் முழுவதும் இந்த எட்டு வாரத்தில்தான், அதற்குப்பின் கஞ்சியோடும் கூழோடும் பால் தொடரவேண்டிய மாதங்களில்தான், ஒரு குடும்பத்துக்கு உயிருள்ள விஷயமாகிறது.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டபோது, வழிப்போக்கப் பெண்ணுக்கும் ஒரு மறைவிடம் உரிமை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது. தொழிற்சாலைக்கு வேண்டியது அதனினும் பெரிதன்று. தாழிடக்கூடிய கதவுள்ள ஓர் அறை, கை கழுவத் தண்ணீரும் சோப்பும், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, பிறர் உணவு வைக்காத சிறிய குளிர்ப்பெட்டி ஒன்று, ஷிப்டில் இருபது நிமிஷ இடைவேளை இரண்டு, வீட்டுக்குச் செல்லும் பஸ்ஸில் பனிக்கட்டி வைத்த டப்பாவோடு ஏற அனுமதி: இவ்வளவே. இவற்றைவிடச் சிறந்தது, சட்டம் சொன்ன காப்பகத்தைத் தொழிற்சாலையின் வாயிலருகே அமைத்து, குழந்தையை அங்கேயே வளர்ப்பது. மார்பிலிருந்து நேரே குடிக்கும் பாலுக்கு நான்கு டிகிரியும் வேண்டாம், நான்கு நாளும் வேண்டாம். காப்பகம் இருந்தும், இரவு ஷிப்டில் அது பூட்டியிருக்குமாயின், அந்த இரவுகளுக்கான பாலைத் தாய் முன்மாலையிலேயே எடுத்துப் பெட்டியின் பின்தட்டில் வைத்து, எடுத்த நேரத்தை டப்பாவின்மேல் எழுதி, விடிவதற்குள் கொடுத்துவிடும்படி வீட்டிலிருக்கும் மாமியாரிடமோ அம்மாவிடமோ சொல்லிவிட்டுச் செல்லலாம்.